கனரகக் கலன்களின் அடியில் உள்ள எஃகுத் தகடு: நீள அகலமும் தடிமனும் எப்படி முடிவாகின்றன

இரும்பு பீரோவை வீட்டில் வைக்கும்போது அதன் கால்களுக்கு அடியில் மரத்துண்டு கொடுக்கும் வழக்கம் நம்மில் பலருக்குத் தெரியும். அப்படிக் கொடுக்காமல் விட்டால் சில மாதங்களில் சிமென்ட் தரையில் காலின் வடிவத்திலேயே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பீரோவின் எடை அதிகமாகிவிடவில்லை, தரையும் மோசமான தரையன்று; அத்தனை எடையும் ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள இடத்தின் வழியாக இறங்கியதுதான் காரணம். மரத்துண்டு எடையைக் குறைப்பதில்லை, இறங்கும் இடத்தை அகலமாக்குகிறது.

மணலி சுத்திகரிப்பு ஆலையையோ தூத்துக்குடி உரத் தொழிற்சாலையையோ சாலையிலிருந்து பார்த்தவர்கள், வானை நோக்கி நிற்கும் கோபுரக் கலன்களையும் படுத்துக் கிடக்கும் நீள உருளைகளையும் கண்டிருப்பார்கள். இவற்றில் பல நூறு டன் எடையுள்ளவை உண்டு. அவை ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் எஃகிலிருந்து கான்கிரீட்டுக்குத் தம் எடையைக் கைமாற்ற வேண்டும். அந்தக் கைமாற்றம் நடக்கும் இடத்தில் இருப்பதுதான் தாங்குதகடு. வரைபடங்களில் இதற்கு பேஸ் பிளேட், பேரிங் பிளேட், சோல் பிளேட் என்று இடத்துக்குத் தக்க பெயர்கள் இருக்கும். களத்தில் எல்லாமே 'பிளேட்'தான்.

இந்தத் தகட்டின் அளவை முடிவு செய்வது கட்டமைப்புப் பொறியியலில் முதலில் கற்றுத்தரப்படும் கணக்குகளில் ஒன்று. சூத்திரம் எளிது என்பதால் பலர் அதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். தகட்டின் பரப்பளவைக் கான்கிரீட் முடிவு செய்கிறது, தடிமனை எஃகு முடிவு செய்கிறது, இரண்டும் கணக்கில் சொன்னபடி நடக்குமா என்பதைத் தகட்டுக்கு அடியில் ஊற்றப்படும் கிரவுட் என்னும் சாந்து முடிவு செய்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்க்கப் பழகினால்தான் கணக்கு கைக்கு வரும்.

எடை எவ்வளவு என்ற கேள்வி

கலன் ஒன்றுக்கு ஒரே எடை என்பது கிடையாது. 3 மீட்டர் விட்டமும் 18 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு சமையல் எரிவாயுக் கலனை எடுத்துக்கொள்வோம். இதன் கொள்ளளவு, முனைகளில் உள்ள குமிழ் மூடிகளையும் சேர்த்து, ஏறத்தாழ 134 கன மீட்டர். சுமார் 24 மில்லிமீட்டர் தடிமனுள்ள உடல் என்று வைத்துக்கொண்டால் வெற்றுக் கலன் 40 டன் அளவில் வரும். திரவ எரிவாயு தண்ணீரைவிட இலேசானது, அதன் அடர்த்தி தண்ணீரினுடையதில் பாதிக்குச் சற்றே மேல். கலனையும் விளிம்பு வரை நிரப்புவதில்லை, 85 சதவீதம் அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே வேலை செய்யும் நிலையில் மொத்த எடை 100 டன் அளவிலேயே நிற்கும்.

ஆனால் இந்தக் கலன் வேலைக்கு வருவதற்கு முன், தண்ணீரை முழுவதும் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிக்கப்படும். அந்த ஹைட்ரோ டெஸ்ட் கலன் நிற்கவேண்டிய இடத்திலேயே நடந்தால், அன்று கான்கிரீட்டின்மேல் இறங்கும் எடை 175 டன். இயக்க எடையை மட்டும் பார்த்துத் தகட்டின் பரப்பைக் கணக்கிட்டவர், அந்தக் கலன் வாழ்நாளில் சந்திக்கப்போகும் மிகப் பெரிய சுமையையே கணக்கில் சேர்க்காமல் விட்டவர் ஆவார். மறுபுறம், கலனை நிறுத்தியவுடன், உள்ளே எதுவும் இல்லாத 40 டன் நிலையில் புயல் காற்று அடித்தால் கவிழ்க்கும் முயற்சியை எதிர்க்க எடை போதாது. கலனைக் கான்கிரீட்டோடு பிடித்து வைக்கும் நங்கூர போல்ட்டுகளுக்கு அதுவே மோசமான நாள். தகட்டுக்கு மிகக் கனமான நிலை, போல்ட்டுக்கு மிக இலேசான நிலை என்று பொதுவாக மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சோதனை நாளையும் கடும் புயலையும் ஒன்றாகக் கூட்ட வேண்டியதில்லை. சோதனை எந்த நாளில் நடக்க வேண்டும் என்பது நம் கையில் இருப்பதால், முழுக் காற்றுச் சுமையில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ சேர்த்தால் போதும் என்பது பல வடிவமைப்பு அலுவலகங்களின் நடைமுறை. இயக்க நிலைக்கு மட்டும் முழுக் காற்றையும் நிலநடுக்கத்தையும் தனித்தனியே சேர்த்துப் பார்க்க வேண்டும். காற்றுக்கு இந்தியத் தரக் குறிநூலான ஐஎஸ் 875 இன் மூன்றாம் பகுதியும், தொழிலகக் கட்டமைப்புகளின் நிலநடுக்கக் கணக்குக்கு ஐஎஸ் 1893 நான்காம் பகுதியும் வழிகாட்டுகின்றன. சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர் என்று காற்றுக்கான குறிநூல் சொல்கிறது. கடற்கரையை ஒட்டிய ஆலைகளில் உயரமான கலன்களை நிறுத்துபவர்களுக்கு இந்த எண் மறக்காது.

நான்கு கால் முக்காலி

கணக்கைக் கையால் போட்டுப் பார்க்க, உடலின் பக்கவாட்டில் பற்றவைத்த நான்கு தாங்கிகளால் தொங்குவதுபோல் நிற்கும் ஒரு செங்குத்துக் கலனை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு தாங்கியும் பெடஸ்டல் எனப்படும் ஒரு கான்கிரீட் குட்டைத்தூணின் தலையில், ஒரு தாங்குதகட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் நிரம்பிய நிலையில் கலன் 120 டன் என்க.

நான்கால் வகுத்தால் தாங்கி ஒன்றுக்கு 30 டன். இந்த வகுத்தலை நான் நம்பமாட்டேன். டீக்கடையில் நான்கு கால் உள்ள ஸ்டூலில் உட்கார்ந்தவர்களுக்குக் காரணம் தெரியும்: தரை சிறிதளவு ஏறி இறங்கி இருந்தாலும் ஸ்டூல் ஆடும், ஒரு கால் எப்போதும் அந்தரத்தில் நிற்கும். மூன்று காலுள்ளது ஆடாது. கலன் மிகவும் விறைப்பான பொருள். ஒரு பெடஸ்டலின் தலை மற்றவற்றைவிட 2 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் கலன் வளைந்து கொடுத்து அதைத் தொடப்போவதில்லை. அப்போது எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு தாங்கிகளே பெரும்பங்கு எடையைச் சுமக்கும். ஆகவே இரண்டே தாங்கிகள் சுமப்பதாக வைத்து, தாங்கி ஒன்றுக்கு 60 டன் எனக் கணக்கிடுவதே எச்சரிக்கையான வழி. பெடஸ்டல்களின் மட்டத்தை ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளால் துல்லியமாகச் சரிசெய்யும் ஏற்பாடு உறுதியாக இருந்தால் இதைக் குறைக்கலாம். அந்த உறுதியை வரைபடத்திலிருந்து பெற முடியாது, களத்திலிருந்துதான் பெற முடியும்.

ஒரு டன் என்பது தோராயமாக 10 கிலோநியூட்டன் விசை. அப்படியானால் 60 டன் 600 கிலோநியூட்டன். இதைப் பாதுகாப்புக்காக 1.5 என்னும் சுமைக் காரணியால் பெருக்கினால் 900. சோதனை நாளில் சேரும் சிறிதளவு காற்றின் பங்கையும் கூட்டி 1000 கிலோநியூட்டன் என்று முழு எண்ணாக எடுத்துக்கொள்வோம்.

கான்கிரீட் எவ்வளவு தாங்கும்

எம்25 கான்கிரீட் என்றால், 150 மில்லிமீட்டர் கனசதுரமாக வார்த்து 28 நாள் கழித்து நசுக்கினால் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வரை தாங்கும் என்பது அதன் பொருள். அந்த 25 முழுவதையும் நாம் பயன்படுத்துவதில்லை. சோதனைக் கூடத்துக் கனசதுரம் தாங்கும் அளவைக் கட்டமைப்பில் உள்ள கான்கிரீட் தாங்காது என்பதால் அதில் 0.67 பங்கையும், பொருளின் ஏற்ற இறக்கத்துக்காக அதையும் 1.5 ஆல் வகுத்தும் எடுத்தால் 0.45 என்னும் எண் வரும். ஐஎஸ் 456:2000 குறிநூல் முழுப் பரப்பின்மேல் அனுமதிக்கும் தாங்கழுத்தம் இந்த 0.45 மடங்குதான். எம்25க்கு அது சதுர மில்லிமீட்டருக்கு 11.25 நியூட்டன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த 0.45, காரணியால் பெருக்கிய சுமைக்கு உரியது. பெருக்காத சுமையைக் கொண்டு கணக்கிடும் பழைய முறைக்கு அதே குறிநூல் 0.25 மடங்கைத் தருகிறது. கலன் தயாரிப்பாளரின் வரைபடத்தில் இருக்கும் எடைகள் பெரும்பாலும் பெருக்கப்படாதவை. அவற்றை அப்படியே எடுத்து 0.45 உடன் ஒப்பிட்டுவிட்டால், 1.5 மடங்குப் பாதுகாப்பு யாருக்கும் தெரியாமல் கரைந்துபோகும். புதிதாக வருபவர்களின் கணக்குத்தாளில் நான் முதலில் தேடுவது இந்தத் தவறைத்தான்.

எஃகுக் கட்டமைப்புக்கான ஐஎஸ் 800:2007 நூலோ, தகட்டுக்கு அடியில் 0.6 மடங்கு வரை போகலாம் என்கிறது. கான்கிரீட், அதன்மேல் உள்ள கிரவுட் ஆகிய இரண்டில் எது பலவீனமோ அதன் வலிமையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இரண்டு நூல்களும் இரண்டு எண்களைச் சொல்வதால் குழப்பம் எழுவது இயல்பு. தகடு எஃகுதான் என்றாலும் நசுங்கப்போவது கான்கிரீட் என்பதால், கான்கிரீட்டுக்கான நூலின் 0.45ஐயே பிடித்துக்கொள்வது என் வழக்கம்.

இப்போது வகுத்தல். 1000 கிலோநியூட்டனை 11.25 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 88,900 சதுர மில்லிமீட்டர். 300க்கு 300 தகடு 90,000 தருகிறது, அதாவது சரியாகப் போதும். ஆனால் நங்கூர போல்ட்டுக்கும், போல்ட்டின் மரையை முறுக்கும் ஸ்பேனருக்கும், பற்றவைப்புக்கும் இடம் வேண்டும் என்பதால் 350க்கு 350 எடுத்துக்கொள்கிறேன். பரப்பு 1,22,500 சதுர மில்லிமீட்டர். சராசரி அழுத்தம் 8.16 நியூட்டன்.

கணக்கு இத்துடன் முடிந்துவிட்டதுபோல் தோன்றும். ஆனால் எடை தகட்டின் நட்டநடுவில்தான் இறங்கும் என்று யார் உறுதி தந்தது? பெடஸ்டலின் இடம் சற்று விலகியிருக்கலாம், கலன் சூட்டில் விரிந்து தாங்கியை வெளிப்பக்கம் தள்ளலாம். 30 மில்லிமீட்டர் விலகல் என்று வைத்தால், ஒரு விளிம்பில் அழுத்தம் கூடும், எதிர் விளிம்பில் குறையும். விலகலை 6 ஆல் பெருக்கித் தகட்டின் நீளத்தால் வகுத்து 1 கூட்டினால் விளிம்பு அழுத்தம் எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். இங்கே 180ஐ 350 ஆல் வகுத்து 1 கூட்ட, 1.51. ஆகவே அந்த விளிம்பில் அழுத்தம் 12.4. அனுமதித்த 11.25ஐத் தாண்டிவிட்டது. தாராளமாகக் கொடுத்ததாக நினைத்த பரப்பு ஒன்றேகால் அங்குல விலகலில் தீர்ந்துபோகிறது.

இந்த இடத்தில் கான்கிரீட் நமக்கு ஒரு சலுகை தருகிறது. சுமை இறங்கும் பகுதியைச் சுற்றிலும் சுமையில்லாத கான்கிரீட் இருந்தால், அது நடுப்பகுதியை நாலாபுறமும் அணைத்துப் பிடித்து, பக்கவாட்டில் பிதுங்கவிடாமல் தடுக்கும். ஈர மணலைக் கையால் குத்தினால் சிதறும், அதே மணலைப் படிக்குள் போட்டுக் குத்தினால் இறுகும். அதைப் போன்றது இது. குறிநூல் இதற்காக அனுமதி அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ள விடுகிறது: பரந்த பரப்பைத் தகட்டின் பரப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை மடங்கு என்பது தெரியும், ஆனால் 2 மடங்குக்கு மேல் போகக்கூடாது. பரந்த பரப்பு என்பது, தகட்டின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி 1, பக்கவாட்டில் 2 என்ற சரிவில் விரியும் பிரமிடு கான்கிரீட்டுக்குள் முழுமையாக அடங்கும் அளவு. நம் பெடஸ்டல் 600க்கு 600 என்றால், 600ஐ 350 ஆல் வகுத்தது 1.71. அனுமதி 11.25இலிருந்து 19.3 ஆகிறது, 12.4 எளிதில் அடங்கிவிடும்.

இந்தச் சலுகையை முதலிலேயே எடுத்துக்கொண்டு தகட்டை 230 மில்லிமீட்டராகச் சுருக்கிவிடவும் முடியும். கணக்கு அதை அனுமதிக்கும், நான் அனுமதிக்கமாட்டேன். விலகல், மட்டக்குறைவு, கிரவுட்டின் வெற்றிடங்கள் என்று களத்தில் வரப்போகும் எல்லாக் குறைகளுக்கும் இருக்கும் ஒரே கையிருப்பு அது.

பெடஸ்டலின் தலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தகட்டின் விளிம்புக்கும் பெடஸ்டலின் விளிம்புக்கும் இடையே 100 மில்லிமீட்டராவது இருக்கட்டும். தகட்டின் அடியில் உள்ள சுமை கீழே போகப்போக விரிவதால் கான்கிரீட்டைப் பக்கவாட்டில் பிளக்கும் இழுவிசை எழுகிறது. அதற்காகத்தான் பெடஸ்டலின் மேற்பகுதியில் வளையக் கம்பிகளை நெருக்கமாகக் கட்டுகிறோம். கம்பி கட்டுபவர் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளியில் கட்டிவிட்டால், கான்கிரீட் போடும் முன் நிறுத்திச் சரிசெய்யச் சொல்ல வேண்டும்.

தடிமன்

350 மில்லிமீட்டர் தகட்டின் முழுப் பரப்பும் கான்கிரீட்டை ஒரே சீராக அழுத்தும் என்று நாம் சொன்னோமே, அது தகடு வளையாமல் இருந்தால்தான் உண்மை. தாங்கியின் அடிப்பாகம் 200க்கு 200 என்று வைத்துக்கொண்டால், அதற்கு வெளியே ஒவ்வொரு பக்கத்திலும் தகடு 75 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழிருந்து கான்கிரீட் அந்த நீட்சியை மேல்நோக்கித் தள்ளுகிறது. வீட்டுச் சுவரிலிருந்து நீண்டிருக்கும் சன்ஷேடைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால் அதுதான் இது: ஒரு முனை பிடிக்கப்பட்டு மறுமுனை சும்மா நிற்கும் பலகை.

ஐஎஸ் 800 இன் வழியில், சிறு ஒதுக்கீடுகளை விட்டுவிட்டு இந்த நீட்சியை மட்டும் கணக்கிட்டால், தடிமனின் வர்க்கம் இப்படி வருகிறது: அழுத்தத்தை 2.5 ஆல் பெருக்கி, நீட்சியின் வர்க்கத்தால் பெருக்கி, 1.1 என்னும் பொருள் காரணியால் பெருக்கி, எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவால் வகுக்க வேண்டும். அந்தத் தகைவைக் களத்தில் 'யீல்டு' என்பார்கள். இ250 தர எஃகில் 20 முதல் 40 மில்லிமீட்டர் தடிமன் வரை அது சதுர மில்லிமீட்டருக்கு 240 நியூட்டன் ஆகும். பெயரில் உள்ள 250 மெல்லிய தகடுகளுக்கே பொருந்தும். சுமை நடுவில் இறங்கும் நிலையில் 8.16 அழுத்தத்துக்குத் தடிமன் 22.9 மில்லிமீட்டர், ஆகவே 25 மில்லிமீட்டர் தகடு. விலகல் உள்ள நிலையில் விளிம்பின் 12.4 அழுத்தமே நீட்சி முழுவதும் இருப்பதாக எடுத்தால் 28.2, ஆகவே 32 மில்லிமீட்டர் தகடு. நான் 32ஐ எழுதுவேன்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் இடத்துக்கு வருகிறேன். "சந்தேகமாக இருந்தால் தகட்டைப் பெரிதாக்கிவிடு" என்ற அறிவுரை அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும். பெரிதாக்கிப் பார்ப்போம். 500க்கு 500 தகடு என்றால் சராசரி அழுத்தம் 4 நியூட்டனாகக் குறைகிறது, கான்கிரீட்டுக்கு நிம்மதி. ஆனால் நீட்சி 75இலிருந்து 150 ஆகிவிட்டது, அதன் வர்க்கம் நான்கு மடங்காகிவிட்டது. சுமை நடுவில் இறங்கினாலும்கூடத் தேவைப்படும் தடிமன் 32 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது, 36 மில்லிமீட்டர் தகடு வேண்டியிருக்கிறது. தடிமனை 25லேயே வைத்துக்கொண்டு நீள அகலத்தை மட்டும் கூட்டியவர் என்ன செய்திருக்கிறார் என்றால், ஓரங்கள் மேல்நோக்கி வளைந்து கான்கிரீட்டிலிருந்து விடுபடும் ஒரு தகட்டைச் செய்திருக்கிறார். ஓரங்கள் வேலை செய்யாதபோது சுமை மீண்டும் நடுவிலேயே குவிகிறது. கூடுதலாக வாங்கிய எஃகுக்குப் பணம் கொடுத்தாயிற்று, அது சுமையில் பங்கெடுக்கவில்லை. பரப்பையும் தடிமனையும் சேர்த்தே கூட்ட வேண்டும், அல்லது நீட்சிக்கு மேலே விறைப்புத் தகடுகளைப் பற்றவைத்து நீட்சியைத் துண்டாக்க வேண்டும். இரண்டாவது வழி பல நேரங்களில் மலிவானது.

வட்டமாக நிற்பவையும் படுத்திருப்பவையும்

உயரமான கோபுரக் கலன்கள் 'ஸ்கர்ட்' எனப்படும் எஃகு உருளையின்மேல் நிற்கின்றன. அதன் அடியில் உள்ள தாங்குதகடு ஒரு வளையம். வெளிவிட்டம் 3.4 மீட்டர், உள்விட்டம் 2.9 மீட்டர் என்றால் வளையத்தின் பரப்பு ஏறத்தாழ 2.47 சதுர மீட்டர். 200 டன் எடைக்கு அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 0.81 நியூட்டன் மட்டுமே. ஆனால் கலனைக் கவிழ்க்கப் பார்க்கும் காற்றின் திருப்புத்திறன் 5000 கிலோநியூட்டன்-மீட்டர் என்றால், அது ஒரு பக்கம் 2.75 கூட்டுகிறது, மறுபக்கம் 2.75 குறைக்கிறது. ஒருபுறம் 3.56, மறுபுறம் கழித்தல் 1.94.

கழித்தல் குறி வந்தவுடன் பேனாவை நிறுத்த வேண்டும். தகடு கான்கிரீட்டை அழுத்த முடியும், பிடித்து இழுக்க முடியாது. அந்தப் பக்கத்தில் வளையம் தூக்கிக்கொள்ளும், அதைப் பிடித்து நிறுத்துபவை போல்ட்டுகளே. தூக்கிக்கொண்ட பிறகு மீதமுள்ள சிறிய பகுதியே எல்லா அழுத்தத்தையும் ஏற்பதால், எளிய கூட்டல் கழித்தலில் வந்த 3.56 இனி செல்லாது. போல்ட்டுகளைக் கம்பிகளாகவும் வளையத்தின் அடியைக் கான்கிரீட்டாகவும் கொண்டு, ஒரு கான்கிரீட் தூணை ஆய்வதுபோல், அழுத்தமும் இழுவிசையும் பிரியும் நடுநிலைக் கோட்டைக் கண்டுபிடித்துத்தான் உண்மை அழுத்தத்தைப் பெற முடியும். போல்ட்டின் இழுவிசையை மட்டும் விரைவாகப் பார்க்க ஒரு வழி உண்டு: திருப்புத்திறனின் நான்கு மடங்கைப் போல்ட்டுகளின் எண்ணிக்கையாலும் அவை நிற்கும் வட்டத்தின் விட்டத்தாலும் வகுத்து, அதிலிருந்து போல்ட் ஒன்றின் பங்குக்கு வரும் எடையைக் கழிப்பது. 3.15 மீட்டர் வட்டத்தில் 20 போல்ட்டுகள் என்றால், 200 டன் நிலையில் போல்ட் ஒன்றுக்கு 217 கிலோநியூட்டன். அதே காற்று 80 டன் வெற்றுக் கலனைத் தாக்கினால் 277. முன்பு சொன்ன இலேசான நாளின் ஆபத்து எண்ணில் தெரிகிறது.

படுத்திருக்கும் கலன்கள் 'சேடில்' எனப்படும் இரண்டு சேண வடிவத் தாங்கிகளின்மேல் இருக்கும். இங்கே தாங்கழுத்தம் பொதுவாகக் கவலை தருவதில்லை. நாம் பார்த்த எரிவாயுக் கலனின் சேடில் தகடு 2600க்கு 300 அளவில் இருக்கும். சோதனை நாளின் சுமையைப் பெருக்கி வைத்தாலும் அழுத்தம் 1.7 நியூட்டனைத் தாண்டாது. சேடிலின் வடிவமே அந்தப் பரப்பைத் தந்துவிடுகிறது. இங்கு கவனிக்க வேண்டியது வேறு. சூடான திரவம் கொண்ட கலன் 150 டிகிரி வெப்பம் ஏறினால், 11 மீட்டர் இடைவெளியுள்ள சேடில்கள் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் விலக விரும்பும். அதனால்தான் ஒரு சேடிலை இறுகப் பூட்டி, மற்றொன்றின் துளைகளை நீளவாக்கில் வெட்டி நகரவிடுகிறோம். நகரும்போது உராய்வு பெடஸ்டலின் தலையை இழுக்கும். சேடில் ஒன்றில் 500 கிலோநியூட்டன் இறங்கி, எஃகின்மேல் எஃகு 0.3 உராய்வுடன் நகர்ந்தால், 150 கிலோநியூட்டன் கிடைமட்ட விசை. 2 மீட்டர் உயரப் பெடஸ்டலின் அடியில் அது 300 கிலோநியூட்டன்-மீட்டர். இடையில் டெஃப்லான் தகடு வைத்து உராய்வை 0.1 ஆக்கினால் அது 100 ஆகக் குறைகிறது. டெஃப்லான் பட்டையை அகலமாக வைப்பது நல்லது என்று தோன்றும். ஆனால் அழுத்தம் குறைந்தால் டெஃப்லானின் உராய்வு எண் கூடும் என்பதால், தயாரிப்பாளர் சொல்லும் எல்லைக்குள் அழுத்தம் நன்றாக விழும்படி குறுகிய பட்டைகளாக வைப்பதே சரி.

அடியில் ஊற்றுவது

இதுவரை போட்ட கணக்குகள் அனைத்தும், தகட்டின் அடிப்பரப்பு முழுவதும் கெட்டியான ஒன்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையின்மேல் நிற்கின்றன. கான்கிரீட்டின் மேற்பரப்பைத் தகட்டுக்கு ஏற்ற அளவு மட்டமாக யாராலும் முடிக்க முடியாது. எனவே பெடஸ்டலை வேண்டிய உயரத்துக்கு 25 முதல் 50 மில்லிமீட்டர் குறைவாகவே வார்த்து, தகட்டை ஷிம் துண்டுகளின்மேல் ரசமட்டம் பார்த்து நிறுத்தி, இடைவெளியில் சுருங்காத கிரவுட்டை ஊற்றுகிறோம்.

ஊற்றுவதற்கு முன் பெடஸ்டலின் தலையைக் கொத்திவிட வேண்டும். மேலே படிந்திருக்கும் சிமென்ட் பால் பார்க்க வழுவழுப்பாக இருந்தாலும் பலமில்லாத ஏடு. அது போய் ஜல்லி தெரியும் வரை கொத்த வேண்டும். பிறகு ஒரு நாள் முழுவதும் நனைத்து, ஊற்றும் நேரத்தில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்த கான்கிரீட் கிரவுட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும், தேங்கிய தண்ணீர் அதை நீர்த்துப்போகச் செய்யும். ஊற்றுவது ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே. எதிர்ப்பக்கத்தில் கிரவுட் வெளிவந்து தகட்டின் அடிமட்டத்துக்கு மேல் ஏறும் வரை நிறுத்தக் கூடாது. இரு பக்கமும் ஆட்கள் நின்று ஊற்றினால் வேலை சீக்கிரம் முடியும், காற்று நடுவில் மாட்டிக்கொள்ளும். அகலமான தகடுகளில் காற்று வெளியேற நடுவில் சிறு துளைகள் விடுவதை வரைபடத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஆலையில் கிரவுட் ஊற்றி ஏழு நாள் ஆன ஒரு தகட்டைப் பரிசோதிக்க மூத்த மேற்பார்வையாளர் ஒருவருடன் போனேன். ஓரங்களில் கிரவுட் பளபளப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. நான் பதிவேட்டில் கையெழுத்திடப் போனேன். "இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் அரைக் கிலோ சுத்தியலை எடுத்து, தகட்டின் ஒரு மூலையிலிருந்து ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வந்தார். 'ணங்' 'ணங்' என்று இறுக்கமாக ஒலித்துக்கொண்டிருந்த தகடு, நடுவுக்கு வந்ததும் 'டொம்' என்றது. மறுபடி தட்டினார், காதைத் தகட்டுக்கு அருகில் கொண்டுபோனார், சாக்பீஸால் வட்டம் போட்டார். ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம் விரிந்தது. கலனின் தாங்கி உட்காரவேண்டிய இடத்துக்கு நேர் கீழே, கணக்குத்தாள் மிக அதிக நம்பிக்கை வைத்திருந்த இடத்தில், அடியில் வெறும் காற்று இருந்தது.

மறுநாள் வட்டத்துக்குள் தகட்டில் இரண்டு துளைகள் போட்டார்கள். ஒன்றின் வழியாக எபாக்ஸிப் பிசினைக் கைப்பம்பால் மெதுவாகச் செலுத்த, மற்றதன் வழியாக முதலில் காற்றும் பிறகு குமிழ்களோடு எபாக்ஸியும் வந்தது. குமிழ் இல்லாமல் கெட்டியாக வரும் வரை காத்திருந்து இரண்டு துளைகளையும் அடைத்தார்கள். எபாக்ஸி இறுகிய பிறகு அவர் சுத்தியலை என் கையில் கொடுத்து, வட்டத்துக்குள் என்னையே தட்டிப் பார்க்கச் சொன்னார். அதன் பிறகுதான் பதிவேட்டை நீட்டினார்.